மகன் மொழிபெயர்க்காத சொல்

நிறை குறைப்பதற்காக வயிற்றில் சத்திரசிகிச்சை செய்துகொள்ளப் போகின்றோம் என்பதை இதுவரை நான்கு பேரிடம் மாத்திரமே சொல்லியிருக்கின்றோம். கணவர், மகன், மகள், கோண்டாவிலில் இருக்கும் தங்கை. நீரிழிவு வந்தால் எம்மவர்கள் அதைத் திருமண மண்டபத்தில் வைத்தே சத்தமாகச் சொல்வார்கள். இரத்த அழுத்தம், கொழுப்பு, முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை எல்லாம் பேசுபொருள்தான். ஆனால் இந்தச் சத்திரசிகிச்சையை மட்டும் ஏதோ களவுப் பொருளைப் போல ஒளிக்கின்றோம். செய்துகொண்டவர்கள் ஸ்டோவ்னரில் எமது அயலிலேயே இருக்கின்றார்கள் என்பதும், அவர்கள் "நடந்து மெலிந்தோம்" என்று சொல்லிக்கொள்கின்றார்கள் என்பதும் எமக்குத் தெரியும். அவர்களைக் குறைசொல்ல நாம் வரவில்லை. கடந்த ஒன்றரை வருடம் நாமும் அப்படித்தான் சொன்னோம்.

தங்கையிடம் தொலைபேசியில் சொன்னபோது அவள் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "சாப்பாட்டைக் குறைச்சால் மெலியலாம்தானே அக்கா, அதுக்கு ஏன் வயித்தை வெட்டுவான்?" என்றாள். எமது சமூகத்தின் முழுக் கருத்தும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருந்தது. பருமன் என்பது வாய்க் கட்டுப்பாடு இல்லாமையின் தண்டனை, தண்டனையைக் குறுக்கு வழியில் தவிர்க்கப் பார்ப்பது இன்னொரு குற்றம். இருபது வருடங்களாக எம்மைப் பற்றி நாமே அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆகவே அவள் மீது கோபம் வரவில்லை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகின்றோம். நிறையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து, அந்த உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டெண். சென்ற வருட ஆரம்பத்தில் எமது நிறை 96 கிலோ, உயரம் 1.58 மீற்றர். விடை 38.5. இந்நாட்டில் வழக்கமாகப் பின்பற்றப்படும் அளவுகோலின்படி சுட்டெண் 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது 35க்கு மேல் இருந்து, நீரிழிவு, நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோய் போன்ற ஏதாவது ஒன்று கூடவே இருக்க வேண்டும். எமக்கு இவ்விரண்டு நோய்களும் உண்டு. வயது பொதுவாக 18 முதல் 60 வரை. ஐம்பதுகளில் நிற்கும் எமக்கு அந்தக் கதவு மெல்ல மெல்ல மூடிக்கொண்டிருந்தது.

40, 35 என்ற எண்கள் 1991 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாட்டில் பிறந்தவை. எமது உடல்வாகு அந்த எண்களுக்கு முற்றாகப் பொருந்துவதில்லை. ஆசிய மக்களுக்குக் குறைந்த நிறையிலேயே நீரிழிவும் இருதய நோயும் வந்துவிடுவதால், அவர்கள் விடயத்தில் 23, 27.5 ஆகிய எல்லைகளையும் கவனத்தில் எடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் கூறியது. 2022 இல் சர்வதேசச் சத்திரசிகிச்சைச் சங்கங்கள் பழைய எண்களைத் திருத்தின. அத்திருத்தத்திலும் ஆசியருக்குத் தாழ்ந்த எல்லை தரப்பட்டது. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய எமது மாமாமாரையும் சித்தப்பாமாரையும் நினைத்துப் பார்த்தால் இதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது.

நாம் வாழும் இந்தக் குறூருட் பள்ளத்தாக்கு இவ்விடயத்தில் ஆராய்ச்சியாளருக்கு நன்கு பழக்கமான இடம். 2000 ஆம் ஆண்டளவில் ஒஸ்லோவில் நடத்தப்பட்ட சுகாதார ஆய்வுகளில் இலங்கையரிடையேயும் பாகிஸ்தானியரிடையேயும் நீரிழிவு மிக அதிகமாகக் காணப்பட்டது. பக்கத்து ரொம்சோசில் 2000 முதல் 2003 வரை மக்களை நடக்கவும் அசையவும் தூண்டும் ஒரு வேலைத்திட்டம் நடந்தது. ஒப்பீட்டுக்காக எடுக்கப்பட்ட பூருசெற்றுடன் பார்க்கையில் அங்கே நிறை கூடியவர்களின் விகிதம் குறைந்திருந்தது. 2008 இலிருந்து 2010 வரை ஸ்டோவ்னர், குறூருட், பியெர்க்க ஆகிய பகுதிகளின் சுகாதார நிலையங்களில் 823 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து அவதானித்தார்கள். தென்னாசியப் பெண்களிடையே கர்ப்பகால நீரிழிவு அதிகமென்பது அதில் தெளிவாயிற்று. மகள் வயிற்றில் இருந்தபோது அந்தத் தித்திப்பு நீரைக் குடித்துவிட்டு இரண்டு மணித்தியாலம் காத்திருந்த தாய்மாரில் நாமும் ஒருவர். பிள்ளை பிறந்ததும் சீனி இறங்கிவிட்டது. நாமும் மறந்துவிட்டோம். ஐந்து வருடத்தில் அது திரும்பி வந்தது.

குடும்ப வைத்தியர் வைத்தியசாலைக்குக் கடிதம் எழுத முன்வந்தபோது ஒரு நிபந்தனையை விளக்கினார். நிறை குறைக்க இதற்கு முன் எடுத்த முயற்சிகள் கடிதத்தில் இருக்க வேண்டும். எந்த வருடம், என்ன முறை, எத்தனை கிலோ குறைந்தது, எத்தனை திரும்பி வந்தது? ஆசிரியத் தொழிலில் இருந்த பழக்கத்தால் நாட்குறிப்பு எழுதும் வழக்கம் எமக்குண்டு. ஆனால் எந்த நாட்குறிப்பிலும் எமது நிறையை நாம் எழுதியிருக்கவில்லை. ஆகவே பழைய மருத்துவப் பதிவுகளின் பிரதியைக் கேட்டு வாங்கினோம். நோயாளிக்குத் தனது பதிவைப் பார்க்கும் உரிமை இந்நாட்டில் சட்டப்படி உண்டு. பலர் இதை அறியாமல் இருக்கின்றார்கள்.

அந்தக் கடதாசிக் கட்டில் 2012 ஆம் ஆண்டின் ஒரு பக்கம் இருந்தது. முழங்கால் வலிக்காக ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போயிருந்தோம். எமது நோர்வே மொழி அப்போது கடைக்கும் பாலர் தோட்டத்துக்கும் போதுமானதாயிருந்தது, வைத்தியரின் அறைக்குப் போதவில்லை. மொழிபெயர்ப்பாளரை அவர்கள் ஒழுங்கு செய்யவில்லை. நாமும் கேட்கவில்லை. மகனைப் பாடசாலையில் மறித்துக் கூட்டிச் சென்றோம். அவனுக்கு வயது பதினொன்று. வைத்தியர் நீண்ட நேரம் பேசினார். மகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு எம்மிடம் திரும்பி, "அம்மா, நடக்கச் சொல்லுறார்" என்றான். அவ்வளவு நேரம் பேசியதற்கு இது மட்டுந்தானா என்று கேட்டோம். "ஓம், நிறைய நடக்கட்டாம்" என்றான்.

பன்னிரண்டு வருடங்களின் பின் சமையலறை மேசையில் வைத்து அந்தப் பக்கத்தை வாசித்தோம். நோயுறு பருமன் என்ற சொல் அதில் இருந்தது. நோர்வே மொழியிலும் அந்தச் சொல் அழகானதல்ல. சிறப்புச் சிகிச்சைக்கும் தேவையானால் சத்திரசிகிச்சைக்கும் அனுப்பிவைக்கலாம் என விளக்கியதாகவும், மகன் மொழிபெயர்த்ததாகவும், நோயாளி விரும்பவில்லை என்றும் எழுதப்பட்டிருந்தது. அன்று எமக்கு நீரிழிவு திரும்பியிருக்கவில்லை. மூச்சுத் தடைப்படும் நோயும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை.

மகனுக்கு இப்போது வேலை, தனி வீடு, ஓரளவு தாடியும் உண்டு. அந்தப் பக்கத்தை அவனிடம் காட்டலாமா என்று ஒரு கிழமை யோசித்தோம். காட்டினோம். வாசித்து முடித்துவிட்டு வெகு நேரம் பேசாமலிருந்தான். "அந்தச் சொல்லுக்குத் தமிழ் தெரியாது அம்மா" என்றான் முதலில். பிறகு, "தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டன். நீங்கள் அழுவீங்கள் எண்டு பயந்தன்" என்றான். அவனிடம் கோபித்துக்கொள்ள எமக்கு எந்த உரிமையும் இல்லை. பதினொரு வயதுப் பிள்ளையின் தோளில் ஒரு தாயின் உடலை ஏற்றி வைத்தவர்கள் நாமும் அந்த வெள்ளை அங்கிக்காரரும்தான். இதை வாசிக்கும் வீடுகளில் வரிப் பத்திரமும் வைத்தியசாலைக் கடிதமும் இன்னும் பிள்ளைகள் கைக்குத்தான் போகின்றன என்பதை அறிந்தே எழுதுகின்றோம்.

2022 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம் பொது நிறுவனங்கள் சிறுவர்களை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்கின்றது. எனவே இம்முறை பதினாறு வயது மகள் கூட வந்தும் தாதி அவளை வெளியே இருக்கச் சொன்னார். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் வந்தார். அதற்கு நாம் பணம் எதுவும் கட்டவில்லை. ஆனால் குரலைக் கேட்டதும் எமக்கு வியர்த்தது. கோயிலில் அடிக்கடி கேட்கும் குரல்! ஒஸ்லோ தமிழர் தொகை எவ்வளவு சிறியது என்பது அப்போதுதான் விளங்கியது. மொழிபெயர்ப்பாளருக்கு இரகசியம் காக்கும் கடமை சட்டப்படி உண்டு என்பதை அறிந்திருந்தும் அன்று அரைவாசியைத்தான் பேசினோம். வெளியில் வந்து தாதியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அடுத்த முறை வேறு ஊரிலிருந்து ஒருவரைத் தொலைபேசியில் எடுக்கலாம் என்றார். கேட்டால் கிடைக்கின்றது. அடுத்த தடவை வந்தவர் எந்த ஊரில் இருந்தார் என்பது எமக்குத் தெரியாது. அவருக்கும் நாம் யாரென்று தெரியாது. பேச்சு தாராளமாக வந்தது.

ஆரம்ப வகுப்பு ஒன்றுக்கு அழைத்தார்கள். காத்திருக்கும் அறையிலேயே ஒரு விடயம் எம்மைத் தொட்டது. அங்கிருந்த நாற்காலிகள் அகலமானவை, கைப்பிடி இல்லாதவை. விமானத்திலும் மண்டபங்களிலும் இருக்கையைப் பார்த்துப் பயந்து பழகிய எமக்கு, எம்மை எண்ணி ஒருவர் நாற்காலி வாங்கியிருக்கிறார் என்பது பெரிய மரியாதையாகப் பட்டது. வகுப்பில் நோர்வேஜியர், சோமாலியர், பாகிஸ்தானியர் எல்லோரும் இருந்தோம். யாரும் யாரையும் மேலும் கீழும் பார்க்கவில்லை.

வகுப்பில் சொன்ன பலவற்றைச் சுருக்கிச் சொல்கின்றோம். வயிற்றைச் சிறிதாக்கிச் சிறுகுடலின் ஒரு பகுதியைச் சுற்றிக்கொண்டு போகும் மாற்றுவழி முறை ஒன்று. இரைப்பையின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எடுத்துவிட்டுக் குழாய் போல ஆக்கும் முறை மற்றையது. முதலாவதை அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1966 இல் ஆரம்பித்துவைத்தார். இரண்டிலும் வயிறு சிறுத்துப்போவது மட்டும் காரணமல்ல. பசியையும் நிறைவையும் மூளைக்கு அறிவிக்கும் குடற் சுரப்புகள் மாறுகின்றன. தங்கையின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கின்றது. சாப்பாட்டைக் குறைத்து மெலிந்தவரின் உடல் பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணிப் பசியைக் கூட்டுகின்றது. நாம் மூன்று தடவை பத்துக் கிலோ குறைத்து மூன்று தடவையும் பன்னிரண்டு கிலோ ஏறியதன் இரகசியம் அதுதான்.

சுவீடனில் 1987 இல் தொடங்கி நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்த ஆய்வு, சத்திரசிகிச்சை செய்தவர்களிடையே மரணம் குறைந்திருப்பதை 2007 இல் காட்டியது. எம்மைப் போன்ற நீரிழிவுக்காரருக்கு இன்னும் நெருக்கமானது ரொன்ஸ்பெர்க் வைத்தியசாலையில் நடந்த ஆய்வு. 1904 இல் அதே மாவட்டத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஓசெபெர்க் வைக்கிங் கப்பலின் பெயரை அதற்கு வைத்திருக்கின்றார்கள். வரலாறு படிப்பித்த எமக்கு இது ஒரு சிறு சந்தோசம். 2019 இல் வெளிவந்த முடிவின்படி ஒரு வருடத்தின் பின் மாற்றுவழி முறை செய்தோரில் நால்வரில் ஏறத்தாழ மூவருக்கும், குழாய் முறை செய்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கும் நீரிழிவு அடங்கியிருந்தது. வைத்தியர் இதை விளக்கிய பின் நாம் மாற்றுவழி முறையைத் தெரிவு செய்தோம். ஸ்கண்டிநேவிய நாடுகளில் இச்சிகிச்சையால் முதல் மாதத்தில் இறப்போர் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அந்த ஒருவரை நினையாமல் ஓர் இரவும் நித்திரை கொள்ளவில்லை என்பதையும் ஒளிக்க விரும்பவில்லை. இப்போது பரவலாகப் பேசப்படும் ஊசி மருந்து பற்றியும் கேட்டோம். அது நல்ல மருந்துதான் என்றார்கள். நிறுத்தினால் நிறை பெரும்பாலும் திரும்பிவிடும் என்றும் சொன்னார்கள்.

உளவியலாளருடனான சந்திப்பை ஒரு சம்பிரதாயம் என்றே எண்ணிப் போனோம். தட்டில் போட்டதை முழுவதும் சாப்பிட்டு முடிப்பீர்களா என்று கேட்டார். ஆம் என்றோம். பசி இல்லாவிட்டாலும்? ஆம். எப்போதிலிருந்து? இக்கேள்விக்கு விடை எமக்கு உடனே தெரிந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்திலிருந்து சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில், சில மாதங்களுக்கு முன் மேசையில் புத்தகம் விரித்துப் படிப்பித்த நாம், நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றோம். அன்று தொடக்கம் ஒரு பருக்கையைக்கூட எறிந்ததில்லை. பிள்ளைகள் மிச்சம் விட்டதையும் நாமே சாப்பிட்டோம். வீட்டில் இரண்டு மூடை அரிசி இல்லாவிட்டால் நெஞ்சு படபடக்கின்றது. அவர் எதையும் எழுதவில்லை. கடதாசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளரும் ஓரிடத்தில் சற்று நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தார்.

உணவியலாளருடன் நடந்தது வேறு விதம். அவருடைய படங்களில் எல்லாம் பாணும் பாற்கட்டியும் மீனும். புட்டு எத்தனை கிராம், இடியப்பம் எத்தனை கிராம் என்று அவருக்கும் தெரியாது, எமக்கும் தெரியாது. மின் தராசு ஒன்று வாங்கி ஒரு மாதம் எல்லாவற்றையும் நிறுத்து எழுதினோம். எமது வழமையான ஒரு நேரப் புட்டு 420 கிராம்! கணவர் தராசு பிழை என்றார். சத்திரசிகிச்சையின் பின் சாப்பாட்டுடன் நீராகாரம் சேர்க்கக்கூடாது, இரண்டுக்கும் இடையில் அரை மணித்தியாலம் விட வேண்டும் என்று சொன்னபோது, சொதி உணவா பானமா என்று கேட்டோம். அவர் சொதியைச் செய்துகாட்டச் சொல்லாத குறை. ஊற்றிக் குழைக்காமல் தொட்டுச் சாப்பிடலாம் என்று தீர்ப்பாயிற்று.

ஆயுள் முழுவதற்குமான நிபந்தனைகளையும் மறைக்காமல் சொன்னார்கள். விற்றமின் பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி ஆகியவை சாகும்வரை. வருடந்தோறும் இரத்தப் பரிசோதனை. மாற்றுவழி முறை செய்தவர்கள் ஐபுறுபன் வகை வலிமாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும், புண் வரும். மது விரைவாக ஏறும். இனிப்பை வேகமாகச் சாப்பிட்டால் நெஞ்சு படபடத்து மயக்கம் வரும். இளம் பெண்கள் ஒரு வருடத்துக்கு மேலாகக் கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். புகைப்பவர்கள் முன்கூட்டியே நிறுத்த வேண்டும். சில வருடங்களில் ஓரளவு நிறை திரும்புவதும் உண்டு. வைத்தியசாலையில் தங்கிச் செய்யும் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. விற்றமின்களும் பொடி உணவும் எமது கைக்காசு.

இடையில் இரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்று எங்கோ தவறியதால் இரண்டு மாதம் வீணாகியது. யாரோ ஒருவரின் மேசையில் கிடந்திருக்கும். நாம் தொலைபேசி எடுத்துக் கேட்டிராவிட்டால் இன்னமும் கிடந்திருக்கும். கடிதம் வரும் என்று காத்திருப்பது எமது பழக்கம். இங்கே கேட்பவருக்குத்தான் முதலில் நடக்கின்றது. சந்திப்புக்குப் போக முடியாவிட்டால் முதல் நாளுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். இல்லையேல் ஆயிரம் குரோனருக்கு மேல் தண்டம் வரும்.

கத்திக்கு முன் நிறையில் நூற்றுக்கு ஐந்தையாவது குறைத்துக் காட்ட வேண்டும் என்பது எமக்கு வைத்த கடைசி நிபந்தனை. அதாவது 91.2 கிலோ. மாலை வேளைகளில் ஸ்டோவ்னர் கோபுரத்துக்கு நடந்தோம். 2017 இல் கட்டிய, 260 மீற்றர் நீளமாக வளைந்து வளைந்து ஏறும் பாதை. படிகள் இல்லாததால் முழங்காலுக்கு இதம். முதல் மாதம் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினோம். மேலே நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். தெரிந்தவர்கள் எதிரில் வந்தால், "என்ன ரீச்சர், நடையோ?" என்பார்கள். ஓம், நடைதான் என்போம். 2012 இல் மகன் சொன்னதும் அதுதானே.

சென்ற கிழமை தராசு 90.8 காட்டியது. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முன் மூன்று வாரம் குறைந்த கலோரிப் பொடி உணவு. ஈரலில் படிந்த கொழுப்பு கரைந்து ஈரல் சுருங்கினால்தான் வயிற்றைச் சிரமமின்றி அணுக முடியும். இந்த மூன்று வாரத்துக்குள் கந்த சஷ்டி வருகின்றது. ஆறு நாளும் பாலும் பழமுமாக விரதம் பிடிப்பது எமது தாய்வழி வழக்கம். இம்முறை முருகனுக்கும் பொடிக் கரைசல்தான் என்று தாதியிடம் சொல்ல, அவர் சிரிக்கவில்லை. உணவு இவ்வளவு குறையும்போது நீரிழிவு மருந்தையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சீனி ஆபத்தாக இறங்கலாம் என்று சொல்லி, அன்றே வைத்தியரைக் கொண்டு மருந்தின் அளவைத் திருத்தினார். இன்சுலின் எடுத்துக்கொண்டே வருடா வருடம் விரதம் பிடிக்கும் எத்தனையோ பேரை எமக்குத் தெரியும். யாரும் வைத்தியரிடம் கேட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

நேற்றுப் பொடிப் பக்கற்றுகள் பெட்டியோடு வந்து சேர்ந்தன. மகள் சுவைகளைப் பிரித்து அலுமாரியில் அடுக்கினாள். வனிலா, சொக்லேற், தக்காளி சூப். மகன் சத்திரசிகிச்சையன்று வேலைக்கு லீவு எடுத்துவிட்டதாகச் சொன்னான். மொழிபெயர்ப்பாளருக்கு முன்னரே எழுதிக் கேட்டாகிவிட்டது, நீ கார் ஓட்டினால் போதும் என்றோம். தக்காளி சூப்பில் கொஞ்சம் மிளகுதூள் போடலாமா என்று உணவியலாளரிடம் கேட்டிருந்தோம். போடலாமாம்.